பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வில்பத்துவுக்கு

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் எங்கள் சபையில் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றன. போகும் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பில் ஓர் இரவு தங்கி, வான் பிடித்து யாழ்ப்பாணம் போய், பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, மாமி வீடு என்று சுற்றி, ஒரு கலியாணம் பார்த்து, மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு திரும்புகிறோம். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இலங்கை என்றால் சொந்தக்காரரின் விறாந்தைகள்தான். போன மாரியில் வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: “யானையைக் காட்டில வைச்சுப் பார்க்க ஏலாதா?”

ஏலும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தச் சிறிய தீவில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. சிறுத்தையும் கரடியும் முதலையும் இருக்கின்றன. புலியும் சிங்கமும் இல்லை; அங்கே காட்டின் பெரிய வேட்டை மிருகம் சிறுத்தைதான். அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வரும் யூலை மாதத்துக்கு ஒரு பயணத்தைத் திட்டமிட்டு வருகிறோம். மொத்தம் பதினேழு பேர். ஆகச் சிறியவருக்கு 6 வயது, ஆக மூத்தவருக்கு 74. எங்களில் இரண்டு பேர் தாதிமார். அதனால் விடுதி பிடிக்கும் பேச்சும் தடுப்பூசிப் பேச்சும் ஒரே மேசையில் நடந்தன. இதே எண்ணம் உள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று, நாங்கள் விசாரித்ததையும் முடிவெடுத்ததையும் இங்கே எழுதுகிறோம்.

எப்போது போவது

கியூபெக் பள்ளிக்கூடங்களுக்கு யூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை விடுமுறை. வடமேற்கிலும் வடமத்தியிலும் உள்ள காடுகளுக்கு அது நல்ல காலம். வறட்சியில் சிறு குட்டைகள் வற்றிவிடும். மிருகங்கள் மிஞ்சியிருக்கும் தண்ணீரைத் தேடி வரும், பற்றைகளும் ஐதாகும், கண்ணுக்குத் தெரியும். மாரியில் நிலைமை வேறு. ஒக்ரோபர் தொடக்கம் சனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் எங்கும் தண்ணீர் நிற்பதால் மிருகங்கள் காட்டுக்குள் சிதறிப்போகும். சில பாதைகளில் ஜீப் புதையும்.

அதற்காக நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏமாற வேண்டியதில்லை. அந்த மாதங்களில் மன்னாருக்குப் போங்கள். வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வடக்கே குளிர் கூடும்போது இடம்பெயரும் பறவைகள் அங்கே வந்து இறங்கும். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க ஜீப் தேவையில்லை, வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். நெடுந்தீவில் தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளும் பிள்ளைகளுக்கு நல்ல காட்சி. அந்தத் தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எந்தக் காடு

இலங்கையில் சபாரி என்றதும் பலரும் சொல்வது யால. தெற்கே கதிர்காமம், திஸ்ஸமகாராமப் பக்கம் உள்ள அந்தப் பூங்காவின் முதலாம் வலயத்தில் சிறுத்தைகள் அடர்த்தியாக வாழ்கின்றன. அதே காரணத்தால் ஜீப்புகளும் அங்கே அடர்த்திதான். ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டு மற்றவருக்குச் செய்தி சொன்னால், கொஞ்ச நேரத்தில் வரிசையாய் வாகனங்கள் வந்து நெருக்கும். வறட்சி கடுமையாகும் செப்டெம்பர் வாக்கில் அந்த வலயத்தைச் சில வாரங்கள் மூடுவதும் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து போவதென்றால் தீவின் மறுமுனைக்கே ஓட வேண்டும்.

நாங்கள் வில்பத்துவைத் தெரிந்தெடுத்தோம். இலங்கையின் ஆகப் பெரிய தேசிய பூங்கா அதுதான். பரப்பு சுமார் 1,317 சதுர கி.மீ. மொன்றியல் தீவு முழுவதும் 500 சதுர கி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோதுதான் அதன் அளவு அவர்களுக்கு விளங்கியது. 1938இல் தேசிய பூங்காவானது. பெயரிலேயே எங்கள் மொழியின் ஓசை இருக்கிறது. மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத இயற்கை நீர்நிலையை அங்கே வில்லு என்பார்கள். அந்த வில்லுகளும் அவற்றைச் சுற்றிய மணற்கரைகளும்தான் இந்தக் காட்டின் அடையாளம். கடலோரத்தில் குதிரைமலை முனை இருக்கிறது. அல்லி அரசாணி ஆண்ட இடம் அது என்ற பழங்கதையும் உண்டு.

பிரதான வாசல் ஹுனுவிலகமவில், புத்தளம் அநுராதபுர வீதியிலிருந்து உள்ளே போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வழியாக வவுனியா வந்து அநுராதபுரத்தில் தங்கினால், விடியற்காலையில் வாசலுக்குப் போய்விடலாம். கொழும்புக்குத் திரும்பும் வழியில் இடையில் நிற்பதால், தனியாக ஒரு பயணம் செய்யும் செலவு மிச்சம்.

இரண்டாவது இடமாக மின்னேரியாவைச் சேர்த்தோம். மகாசேனன் கட்டுவித்த அந்தக் குளத்தில் வறட்சியில் தண்ணீர் இறங்க, கரையில் புதுப்புல் முளைக்கும். யூலை தொடக்கம் ஒக்ரோபர் வரை, முக்கியமாக ஓகஸ்ட், செப்டெம்பரில், யானைகள் அந்தப் புல்லுக்காக நூற்றுக்கணக்கில் கூடும். அண்மைக் காலத்தில் சில வருடங்களில் வறட்சியிலும் குளத்துக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டுப் புல்வெளி மூழ்கியதால் யானைகள் வேறிடம் போயிருக்கின்றன. ஆகவே அபரணையில் ஒருநாள் முன்னதாகவே விசாரித்து, யானைகள் மின்னேரியாவில் நிற்கின்றனவா, கவுடுல்லவில் நிற்கின்றனவா என்று கேட்டு ஜீப் பிடிப்பது புத்தி.

காடு என்றால் எங்கள் பெரியவர்களுக்கு

பிள்ளைகளுக்குக் காடு என்றால் யானை. எங்கள் பெரியவர்களில் பலருக்கு அப்படியில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோது எங்கள் மாமியும் அந்தச் சனத்தோடு நடந்தவர். பிறகு வன்னியில் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தவர். வில்பத்துப் பேச்சு எழுந்ததும் அவர் சொன்னது: “காசு குடுத்துக் காட்டுக்குப் போறியளோ? நாங்கள் காசில்லாமலே இருந்தனாங்கள்.” எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வில்பத்துவும் அந்த யுத்தத்துக்குத் தப்பவில்லை. 1988 கடைசியில் மூடப்பட்ட பூங்கா 2003இல்தான் திறந்தது. சமாதானம் குலைய, 2006 மே மாதத்தில் பூங்காவுக்குள் வெடித்த கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் அவரோடு போனவர்களும் உயிரிழந்தார்கள். ஓர் இராணுவ அதிகாரியும் ஓர் இயக்கப் பெண்ணும் வில்பத்துக் காட்டுக்குள்ளால் சேர்ந்து தப்பிப் போகும் கதையை நாவலாக எழுதியவர் அவர். எழுதிய காட்டிலேயே அவர் உயிர் போனது. பூங்கா மறுபடியும் மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு 2010இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை சனம் போய்வருகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டே கூட்டிப்போக வேண்டும் என்பது எங்கள் முடிவு. தாங்கள் பார்க்கப்போகும் இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் படம் மட்டும் எடுத்து வருவது சரியில்லை.

தாதிமாராக நாங்கள் இன்னொன்றையும் யோசித்தோம். விடியாத இருட்டில் எழும்புவது, வாசலில் சீருடைக்காரர், திறந்த வாகனம், திடீரென்று எழும் சத்தம்: இவை சில பெரியவர்களுக்குப் பழைய நாட்களைத் திரும்பக் கொண்டுவரலாம். நெஞ்சு படபடப்பு, வியர்வை, பேச்சின்மை, அன்றிரவு நித்திரையின்மை என்று அது வெளிப்படும். “இப்ப ஒன்றும் இல்லைத்தானே, வாங்கோ” என்று இழுப்பது உதவாது. முன்கூட்டியே கேளுங்கள். வரவில்லை என்றால் அதற்கு விளக்கம் கேட்காதீர்கள். விடுதியில் அவரோடு இன்னொருவர் நிற்கும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

மாமி இன்னும் முடிவு சொல்லவில்லை. விடுதிவரை வருகிறாராம், மிச்சத்தை அன்று விடியப் பார்க்கலாமாம். ஜீப்பில் அவருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம். ஆனால் திட்டமிடும் கூட்டங்களில் ஆகக் கூடுதலாகக் கதைத்தவர் அவர்தான். தந்தமுள்ள ஆண் யானை கொம்பன், தந்தமில்லாத ஆண் அலியன், கூட்டத்தை விட்டுத் திரிவது தனியன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இலங்கை ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. ஆகவே பிள்ளைகள் பார்க்கப்போவது பெரும்பாலும் அலியன்தான். மான் வேறு, மரை வேறு என்றார். பாலைப்பழ காலத்தில் கரடி மரத்தில் ஏறியிருக்கும் என்றும், தாங்கள் பழம் பொறுக்கப் போகும்போது சத்தம் போட்டுக்கொண்டே போவோம் என்றும் சொன்னார். வில்பத்துவிலும் வைகாசி, ஆனி, ஆடியில் கரடியைக் காண நல்ல இடம் பழுத்த பாலை மரம்தான்.

ஆறு வாரத்துக்கு முன்பே

சொந்த நாட்டுக்குத்தானே போகிறோம் என்று எங்கள் சனம் பயண வைத்திய ஆலோசனைக்குப் போவதில்லை. உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள்தான் சாதாரண உல்லாசப் பயணிகளைவிட நோயோடு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது பயண மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். அவர்கள் கூடுதல் நாட்கள் தங்குகிறார்கள், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஆலோசனையும் எடுப்பதில்லை. இங்கே இருபது வருடம் இருந்த உடம்புக்கு ஊரின் கிருமிகள் புதிது. இங்கே பிறந்த பிள்ளைக்கு முழுவதும் புதிது.

புறப்பட ஆறு வாரத்துக்கு முன்பாவது பயண மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். சில மருந்தகங்களிலும் இந்தச் சேவை உண்டு. எல்லோருடைய தடுப்பூசிப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். அங்கே கேட்க வேண்டியவை இவை: சின்னம்மை உட்பட வழக்கமான தடுப்பூசிகள் முழுமையா, ஹெபடைடிஸ் ஏ, நெருப்புக்காய்ச்சல் எனப்படும் டைபோய்ட், விசர்நாய்க்கடித் தடுப்பூசி. கடைசியாகச் சொன்னதைப் பலர் தட்டிக்கழிப்பார்கள். ஆனால் பிள்ளைகள் நாய்க்குட்டியைக் கண்டால் தடவப் போவார்கள், குரங்கு கையிலுள்ள வாழைப்பழத்தைப் பறிக்கும்போது கீறும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்கூட்டித் தடுப்பூசி போட்டவருக்கும் பிறகு ஊசி தேவைதான். ஆனால் குறைவான ஊசிகளே போதும்.

மலேரியாக் குளிசை பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இலங்கைக்கு மட்டும் போகிறவருக்கு அந்தக் குளிசை வழக்கமாகத் தேவைப்படாது. வழியில் வேறு நாட்டில் தங்குகிறீர்களானால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்று பயப்பட வேண்டியது டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், விடிந்த பின்னும் பொழுதுபடு முன்னும் கூடுதலாகக் கடிக்கும். சபாரி ஜீப் ஓடும் நேரமும் அதுதான். நீளக் கை, நீளக் கால் உடுப்பு, வெளிறிய நிறம். இங்கேயே நுளம்பு மருந்து வாங்கிக்கொண்டு போங்கள். இகாரிடின் 20 வீதம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். டீட் உள்ள மருந்தென்றால் 2 முதல் 12 வயதுவரை 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். முதலில் வெயில் கிறீம், அது ஊறிய பிறகு நுளம்பு மருந்து.

அங்கே காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். ஐபியூபுரோபனும் அஸ்பிரினும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். இருதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். கடும் வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, முரசில் இரத்தம், பிள்ளை சோர்ந்து கிடத்தல், இவற்றில் எதைக் கண்டாலும் உடனே வைத்தியசாலை. இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பெரியவர்களின் குளிசைகளும் அதிகாலை ஜீப்பும்

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். அதற்காக ஐந்து மணிக்கு முன்பே விடுதியிலிருந்து கிளம்புவார்கள். நீரிழிவுக்காரர் பழக்கத்தில் குளிசையைப் போட்டுவிட்டு, காலைச் சாப்பாடு இல்லாமல் ஏறினால், காட்டுக்குள் சீனி இறங்கும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் அங்கே கடை இல்லை. சாப்பாடு கையில் வராமல் குளிசையோ இன்சுலினோ எடுக்க வேண்டாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் வில்லையோ இனிப்போ இருக்கட்டும். கனடாவின் கோடை நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை இங்கேயே உங்கள் தாதியிடமோ வைத்தியரிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கள் அம்மாமாரின் பழைய பழக்கம்: வழியில் ஒன்றுக்குப் போக வசதியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. வெயிலில், அழுத்தக் குளிசையும் எடுத்துக்கொண்டு, ஐந்து மணித்தியாலம் அப்படி இருந்தால் தலைசுற்றி விழுவார்கள், சிறுநீரகமும் பாதிக்கப்படும். பூங்காவுக்குள் இறங்க அனுமதியுள்ள இடங்களில் கழிப்பறை உண்டு. அந்த இடங்களில் எப்போது நிற்கும் என்று சாரதியிடம் புறப்படும்போதே கேட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

காட்டுப் பாதை குண்டும் குழியும். முதுகுவலிக்காரரும் எலும்பு தேய்ந்தவர்களும் பின்சீற்றில் இருக்கக் கூடாது; முன்சீற்றில் குலுக்கல் குறைவு. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் ஜீப் ஏற வேண்டாம். இழுப்பு உள்ளவர் பம்பைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்திருக்கட்டும், செம்மண் தூசு எங்கும் பறக்கும். எல்லா மருந்தும் மருந்தகப் பெயர்ச்சீட்டோடு கைப்பையில் வரட்டும், ஒரு வாரத்துக்கு மேலதிகமாகவும் இருக்கட்டும்.

பாம்பு பற்றி ஒரு வார்த்தை. வாகனத்தில் இருக்கும்வரை அநேகமாகப் பயமில்லை. இருட்டில் விடுதி வளவில் செருப்பும் ரோச்லைட்டும் இல்லாமல் நடப்பதுதான் ஆபத்து. கடித்தால் வெட்டவும் கட்டவும் உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், காப்பைக் கழற்றி, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காப்புறுதி

மெடிகெயர் அட்டை இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. கனடாவுக்கு வெளியே திடீர் நோயால் வைத்தியசாலையில் படுத்தால் கியூபெக் காப்புறுதி நாளொன்றுக்கு அதிகபட்சம் 100 டொலர் தரும். படுக்காமல் வெளிநோயாளர் பிரிவில் பார்த்தால் நாளொன்றுக்கு 50 டொலர். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் கட்டணத்துக்கோ, நோயாளியைப் படுக்கையோடு மொன்றியலுக்குக் கொண்டுவரும் செலவுக்கோ இது எந்த மூலைக்கும் காணாது. பயணக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும்போது பெரியவர்களுக்கு ஒரு விதியை வாசித்துக் காட்டுங்கள். முன்பே உள்ள நோய் புறப்படுமுன் குறிப்பிட்ட காலம் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். அந்தக் காலத்துக்குள் அழுத்தக் குளிசையின் அளவை வைத்தியர் கூட்டியோ குறைத்தோ இருந்தால்கூட அந்த நோய்க்குப் பணம் மறுக்கப்படலாம். எதையும் மறைக்காமல் கேள்வித்தாளை நிரப்புவதுதான் பாதுகாப்பு.

ஜீப் பேசும்போது

கனடியக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அது உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி, ஜீப் வாடகை என்று தனித்தனியாகச் சேரும். “எல்லாம் சேர்த்து எவ்வளவு” என்று கேட்டு, எத்தனை பேர், அரைநாளா முழுநாளா, சாப்பாடு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் கூட்டம் அதிகம். நாங்கள் செவ்வாயும் புதனும் வைத்தோம்; ஞாயிறு ஊர்ச்சபையில் ஆராதனை. வந்திறங்கிய அடுத்த நாளே காட்டுக்கு ஓடாமல், நித்திரை சீராக ஐந்தாறு நாள் கழித்தே போகிறோம்.

சாரதியிடம் மூன்று விஷயம் முதலிலேயே சொல்லப்போகிறோம். வேகமாக ஓட வேண்டாம். வேறு ஜீப்புகள் நெருக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். சிறுத்தை காணாவிட்டாலும் உங்களுக்குத் தர நினைத்த சந்தோசப் பணம் குறையாது. இந்த மூன்றாவதைச் சொல்லாமல் முதல் இரண்டையும் சொல்லிப் பயனில்லை. சிறுத்தையைக் காட்டினால்தான் கூடக் காசு என்று நாங்கள் வைத்தால், அவர் ஓடத்தான் செய்வார், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள். அநேக சாரதிமார் சிங்களம் பேசுகிறவர்கள். “ஹெமின்” என்றால் மெதுவாக, “ஸ்துதி” என்றால் நன்றி என்று பிள்ளைகள் இப்போதே படித்துவிட்டார்கள்.

காட்டில் யார் விருந்தாளி

யானைக்கும் மனிதருக்கும் இடையிலான சிக்கல் இலங்கையில் கடுமையானது. 2019இலிருந்து ஒவ்வொரு வருடமும் 300க்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இறந்திருக்கிறார்கள். பயிரை இழக்கும் கமக்காரனும் ஏழை, வழியை இழக்கும் யானையும் பாவம். உல்லாசமாகப் போகும் நாங்கள் அதைக் கூட்டாமல் வர வேண்டும்.

உடவளவைப் பக்கம் மின்வேலிக்கு அருகில் யானைகள் வரிசையாய் நிற்பது வாகனக்காரர் பழம் கொடுத்துப் பழக்கியதால். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்தது உலகச் செய்தியானது. ஆகவே சாப்பாடு கொடுப்பதில்லை, கொண்டுபோகும் பொதியில் பொலித்தீன் இல்லை, கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும். யானை காதை விரித்து, தலையை உயர்த்தி, நின்று பார்க்கிறதென்றால் எங்களைப் போகச் சொல்கிறது என்று பொருள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வாகனம் நிற்கவே கூடாது.

யானைச் சவாரியும் எங்கள் திட்டத்தில் இல்லை. குட்டியானை பார்க்க விரும்புகிறவர்களுக்கு உடவளவை யானைக்குட்டிகள் பராமரிப்பு நிலையம் நல்ல இடம். 1995இல் தொடங்கிய அந்த நிலையத்தில் தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் தொட முடியாது, தூரத்தில் நின்று பாலூட்டுவதைப் பார்க்கலாம். தொட்டுப் பழகாததால்தான் அவற்றுக்குத் திரும்பக் காட்டில் வாழ முடிகிறது.

இங்கேயே ஓர் ஒத்திகை

இரண்டு மணித்தியாலம் கைபேசி இல்லாமல், கதைக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கம் வேண்டும். அதற்கு வில்பத்துவரை போகத் தேவையில்லை. நூறாண்டுப் பூங்காவின் குளக்கரையில் காலையில் போய் இருந்து, வாத்துகளையும் நாரையையும் எண்ணி எழுதுங்கள். புவா-டு-லியெஸ் இயற்கைப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. செயின்ட்-ஆன்-டு-பெல்வியூவில் உள்ள எக்கோமியூசியத்தில் கியூபெக்கின் சொந்த மிருகங்களை வருடம் முழுவதும் பார்க்கலாம். அங்குள்ளவற்றில் பல, காயத்தாலோ வேறு காரணத்தாலோ காட்டுக்குத் திரும்ப முடியாதவை.

மொன்தபெல்லோவின் பார்க் ஒமேகாவுக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கார் யன்னலால் மானுக்குக் கரட் கொடுக்கலாம், அந்த இடம் அதற்காகவே அமைக்கப்பட்டது. வில்பத்துவில் அது கூடாது. ஏன் என்று அவர்களே யோசித்துச் சொல்லட்டும் என்று விட்டோம். “அங்க வேலி இல்லை, அது பிறகு ஊருக்குள்ள வந்து கேட்கும்” என்றது எங்கள் ஆறு வயது.

திரும்பி வந்த பிறகு

வீடு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அதைச் சாதாரணத் தடிமன் என்று விடாமல் 811க்கு அழையுங்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் வாசலிலேயே இலங்கையிலிருந்து வந்த திகதியைச் சொல்லுங்கள். நோயாளி சொல்லாவிட்டால் யூலை மாதக் காய்ச்சலுக்குள் டெங்குவை எங்களைப் போன்ற தாதிமார் ஊகிக்க நேரம் எடுக்கும். சில நோய்கள் பிந்தியும் வரும். சில மாதங்கள் கழித்து வந்த காய்ச்சலுக்கும் பயணத்தைச் சொல்வது நல்லது.

கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று இன்றே பாருங்கள். தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளையைக் கூட்டிப்போனால் மற்றவரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கொண்டுபோங்கள். இலங்கை விசாவை அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதைப்போலவே தோற்றமளித்துக் கூடக் காசு கறக்கும் தளங்கள் உண்டு.

இந்த யூலையில் போக நினைக்கும் வேறு குடும்பங்கள் இருந்தால் ஆராதனை முடிந்த பின் எங்களோடு கதையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் பெரியவர்களின் குளிசைப் பட்டியலையும் கொண்டுவந்தால், பயண மருத்துவ நிலையத்தில் எதைக் கேட்பது என்று சேர்ந்து பார்க்கலாம். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் வருவதற்கு முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: காட்டில் என்ன மிருகம் கண்டிருக்கிறார்கள், இன்னொரு முறை காட்டைப் பார்க்க விருப்பமா. இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும், முதலாவதற்கு வரும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.